இழுப்பறை புராணம்

தலைப்பைப் பார்த்து ஓடிவிடாதீர்கள். "டிராயரைப் பத்தி எழுதறதுக்கு அப்படி என்ன இருக்கு?" என்று தங்கமணியும் கேட்டாயிற்று. இருக்கிறது. சுமார் 3300 வருஷக் கதை இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் எங்கள் புனே வீட்டு டெரஸும், அங்கே ஒரு பழைய பட்டறை மேசையும், அதன் முன்னால் எங்கள் அப்பாவும் இருக்கிறார்கள்.

முதலில் கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன்.

அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். 38 வருஷ சர்வீஸ். ரிட்டயர் ஆன கையோடு, ஏலத்தில் எடுத்துப் போட்டிருந்த பழைய தேக்குக் கட்டைகளை வைத்து வீட்டுப் பின்கட்டில் தனக்கென்று ஒரு மேசை செய்துகொண்டார். 5 அடி நீளம், 2 அடி அகலம், 34 அங்குல உயரம். ஒரு ஓரத்தில் வைஸ். அடியில் இரட்டைக் கதவு போட்ட அலமாரி. தெருவில் யார் வீட்டு மிக்ஸி மக்கர் செய்தாலும், யார் சைக்கிள் பெடல் கழன்றாலும் அந்த மேசைக்குத்தான் வரும். காசு வாங்க மாட்டார். காபி கொடுத்தால் மறுக்க மாட்டார்.

அம்மா போனபிறகு அவரைத் தனியாக விட மனசில்லாமல் புனேவுக்குக் கூப்பிட்டோம். யோசிக்கவே இல்லை, ஒரே கேள்விதான் கேட்டார். "பெஞ்சு வருதா?" வந்தது. லாரி சர்வீசுக்குக் கொடுத்த காசில் இங்கேயே புதிதாக ஒன்று வாங்கியிருக்கலாம். நான் வாயைத் திறக்கவில்லை.

ஹாலை ஒட்டிய டெரஸில் ஷீட் போட்டு மேசையை வைத்தோம். முதல் வருஷம் நன்றாகத்தான் போனது. எதிர் ஃப்ளாட் ஆஜியின் (மராத்தியில் பாட்டி) கைத்தடிக்கு ரப்பர் பூண் மாட்டிக் கொடுத்ததில் சொசைட்டி முழுக்க அவர் புகழ் பரவிவிட்டது. பிறகு முழங்கால் வந்து சேர்ந்தது. தரையில் உட்காரக் கூடாது, குத்துக்காலிடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒரு மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத நேரம். அலமாரியின் பின்வரிசையில் இருந்த டிரில் மெஷினை எடுக்க அப்பா மண்டியிட்டிருக்கிறார். எழுந்திருக்க முடியவில்லை. செல்போன் மேசை மேலே. பாப்பா ஸ்கூல் விட்டு வந்து தன்னிடம் இருந்த சாவியைப் போட்டுத் திறக்கும்வரை முக்கால் மணி நேரம் தரையிலேயே இருந்திருக்கிறார். பக்கத்து வீட்டில் ஆட்கள் இருந்தார்கள்.

"சத்தம் போட்டுக் கூப்பிட்டிருக்கலாமேப்பா?" என்றேன்.

"என்னன்னு சொல்லிக் கூப்பிடறது?" என்றார்.

அடி ஒன்றும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து மேசை மேல் துணி காய ஆரம்பித்தது. இரண்டு வாரம் கழித்துச் சாப்பாட்டு நேரத்தில் சாதாரணமாகச் சொன்னார்: "பெஞ்சை யாருக்காவது குடுத்துடுப்பா. நான் ஊருக்கே போயிடறேன்."

வெளியூரில் பெற்றோரைக் கொண்டுவந்து வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்த வாக்கியத்தின் எடை தெரியும். முழங்காலுக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. அலமாரிக்கு ஏதாவது செய்யலாம். பின்வரிசைச் சாமான் தானாக முன்னால் வரும்படி ஒரு இழுப்பறை போட்டால் என்ன?

எதையும் தோண்டித் துருவாமல் செய்யத் தெரியாத ஆள் நான். ராத்திரி ராத்திரியாகப் படித்ததில் கிடைத்ததுதான் இந்தப் புராணம்.

*

பெயரிலிருந்தே ஆரம்பிக்கலாம். வீட்டுச் சாமான்களின் பெயரைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் அடியில் ஒரு கப்பல் நிற்கும். மேசை, அலமாரி, சாவி மூன்றும் போர்ச்சுகீசியர்கள் விட்டுப்போன சொற்கள். இலங்கைத் தமிழ் நண்பர்கள் டிராயரை 'லாச்சி' என்பார்கள். அது டச்சுக்காரர்களிடமிருந்து வந்தது. சிங்களத்திலும் 'லாச்சுவ' என்று அதே சொல் உண்டு.

எல்லாவற்றையும் விட வேடிக்கை பீரோ. பிரெஞ்சில் முதலில் அது முரட்டுக் கம்பளித் துணியின் பெயரோடு ஒட்டிய சொல். அந்தத் துணியை விரித்த எழுத்து மேசைக்குப் பெயராயிற்று. பிறகு இழுப்பறைகள் வைத்த மேசைக்கு. பிறகு அந்த மேசை இருக்கும் ஆபீசுக்கே. நம் ஊருக்கு வந்து சேர்வதற்குள் மேசை, இழுப்பறை, ஆபீஸ் எல்லாவற்றையும் உதறிவிட்டுப் பட்டுப்புடவையும் நகையும் வைக்கும் இரும்பு அலமாரியாகிவிட்டது! பம்பாயில் 1897-ல் பூட்டு செய்ய ஆரம்பித்த கோத்ரெஜ், 1923-ல் இரும்பு அலமாரி செய்யத் தொடங்கியது. நம் கல்யாணச் சீர்வரிசையில் பீரோ வந்து உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இத்தனை இரவல்களுக்கு நடுவில் 'இழுப்பறை' மட்டும் நம் சொல். இழுத்தால் வரும் அறை. இதைவிடச் சுருக்கமாக அந்தப் பொருளை யாரும் விளக்க முடியாது.

*

பழங்காலத்து ஆள் சாமானை எங்கே வைத்தான்? பெட்டியில். உலகம் முழுக்க இதுதான் கதை. நம் வீட்டு மரப்பெட்டி, நெல் கொட்டும் பத்தாயம், ட்ரங்குப் பெட்டி எல்லாமே மேலே திறந்து உள்ளே போடும் சமாச்சாரம்.

பெட்டிக்கு ஒரே ஒரு வியாதி உண்டு. நமக்கு வேண்டியது எப்போதும் அடியில்தான் இருக்கும். ஸ்வீடனில் காட்லாந்து என்ற தீவில் 1936-ல் ஒரு விவசாயி வயலை உழுதபோது ஏரில் ஒரு ஓக் மரப்பெட்டி சிக்கியது. ஆயிரம் வருஷம் பழசான வைக்கிங் காலத்துக் கைவினைஞனின் பெட்டி. கிட்டத்தட்ட 3 அடி நீளம். அதோடு கிடைத்த பொருட்கள் 200-க்கும் மேல்: ரம்பம், அரம், சுத்தியல், கோடாலி, பூட்டு. மியூசியப் படத்தில் எல்லாவற்றையும் அழகாகப் பரப்பி வைத்திருக்கிறார்கள். எனக்கு வேறு நினைப்புதான் வந்தது. அந்த மனுஷன் ஒரு சின்ன அரத்தை எடுக்க, தினம் எத்தனை முறை மொத்தத்தையும் வெளியே கொட்டியிருப்பான்!

இத்தனைக்கும் இழுப்பறை அதற்கு வெகு முன்பே மனிதனுக்குத் தெரியும். எகிப்தில் 1922-ல் ஹோவர்ட் கார்ட்டர் திறந்த துட்டன்காமன் கல்லறையில் தாயம் மாதிரியான ஆட்டத்துக்கு ஒரு பெட்டி கிடைத்தது. கருங்காலியும் தந்தமும் இழைத்தது. மேலே கட்டம், பக்கவாட்டில் காய்களைப் போட்டுவைக்க ஒரு குட்டி இழுப்பறை. 3300 வருஷத்துக்கு முன்னால் ஒரு இளவயது ராஜாவின் விளையாட்டுக் காய்களுக்குக் கிடைத்த சௌகரியம், உழைக்கிறவனின் உளிக்கும் ரம்பத்துக்கும் கிடைக்க ரொம்ப நாளாயிற்று.

ஐரோப்பாவில் மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் துணிப்பெட்டியின் அடியில் மட்டும் ஒன்றோ இரண்டோ இழுப்பறை வைத்தார்கள். மேல் பாதி பழைய பெட்டியேதான், மூடியைத் தூக்க வேண்டும். கொஞ்ச காலத்தில் அடியில் இருந்த இழுப்பறை மேலே ஏறி ஏறி, பெட்டி முழுவதையும் பிடித்துக்கொண்டது. மூடி மறைந்தே போயிற்று.

அந்தக் கால இழுப்பறை ஓடிய விதம் எளிமையானது. இழுப்பறையின் தடித்த பக்கப் பலகையில் நீளமாக ஒரு காடி. பெட்டியின் உட்சுவரில் அதற்கு நேராக ஒரு கட்டை. காடி கட்டையைக் கவ்விக்கொண்டு ஓடும். மரத்தின் மேல் மரம். மெழுகு தடவினால் வழுக்கும். மழைக்காலத்தில் பலகை ஊதினால் இறுகும். அகலம் அதிகமாகவும் ஆழம் குறைவாகவும் இருந்தால் ஒரு பக்கம் முன்னே வந்து மறுபக்கம் பின்தங்கி, குறுக்கே ஆப்பு அடித்த மாதிரி சிக்கிக்கொள்ளும். (பழைய மர மேசையோடு வாழ்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.)

டிரான்ஸ்ஃபர் வாங்கி வாங்கி ஊர் மாறுகிறவர்களுக்காக ஒரு தகவல். இந்தியாவில் இருந்த வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகளின் இழுப்பறைப் பெட்டி இரண்டு பாகமாகப் பிரியும். மூலைகளில் பித்தளைக் காப்பு, பிடிகள் பலகைக்குள்ளேயே பதிந்திருக்கும், கால்களைத் திருகிக் கழற்றலாம். அடுத்த ஊருக்கு மாட்டு வண்டியிலோ ஒட்டகத்திலோ ஏற்றிவிடலாம். நாம் இன்னமும் அட்டைப்பெட்டியில் பிரவுன் டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

*

இனி பட்டறைக்கு வருவோம். எனக்கு உண்மையிலேயே புரிய வேண்டியிருந்தது இந்த இடம்தான்.

ஜெர்மனியில் ஃப்ராங்க்ஃபர்ட் பக்கத்தில் சால்பர்க் என்ற ரோமானியக் கோட்டை இருக்கிறது. அங்கே கிணற்றுக்குள் 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தச்சு மேசைகள் கிடைத்தன. மேசை என்பதே அதிகம், நம் ஊர் விசுப்பலகை மாதிரி தாழ்வானவை. அதன்மேல் உட்கார்ந்து, மரத்தை உடம்பாலேயே அழுத்திப் பிடித்து வேலை செய்திருக்கிறார்கள்.

நம் ஊர் ஆசாரிக்கு அந்த மேசைகூடத் தேவைப்படவில்லை. தரையில் உட்காருவார். ஒரு காலால் மரத்தை மிதித்துக்கொள்வார். கால் கட்டைவிரல்தான் வைஸ். சாக்குப்பையைப் பிரித்தால் உளி, இழைப்புளி, கொட்டாப்புளி எல்லாம் சுற்றிலும் அரைவட்டமாகக் கிடக்கும். பார்க்காமலே கை போய் எடுக்கும். தரையில் உட்காருகிறவனுக்கு எல்லாமே கைக்கெட்டும் தூரம். அவனுக்கு எதற்கு இழுப்பறை?

ஆள் எழுந்து நின்றபோதுதான் பிரச்சினை ஆரம்பம். ஐரோப்பாவில் மேசை இடுப்பு உயரத்துக்கு வளர்ந்தது. கை மேலே போய்விட்டது, சாமான் கீழேயே தங்கிவிட்டது. ஒவ்வொரு உளிக்கும் குனிய வேண்டும். பாரிஸ் தச்சர் ஆந்த்ரே ஜாகோப் ரூபோ 1769 முதல் வெளியிட்ட தச்சுக்கலைப் பெருநூலில் தன் காலத்துப் பட்டறை மேசையைப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். தடித்த பலகை, கனத்த கால்கள், பலகைக்கு அடியில் சின்னக் கருவிகளுக்கு ஒரே ஒரு இழுப்பறை. நின்றபடி வேலை செய்கிறவனின் கை உயரத்துக்குச் சாமான் ஏறி வந்துவிட்டது.

அந்த ஒன்றைப் பலவாக்கியவர்கள் அமெரிக்காவின் ஷேக்கர்கள். ஆடம்பரம் கூடாது, சோம்பல் கூடாது, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் என்று கூட்டாக வாழ்ந்த மதக் குழுவினர். அவர்களுடைய பட்டறை மேசைகளின் அடிப்பகுதி முழுக்க இழுப்பறைகளும் அலமாரிகளும்தான். நியூ ஹாம்ப்ஷையரில் என்ஃபீல்ட் என்ற ஊரில் 1837 முதல் 1841 வரை அவர்கள் கட்டிய கல் வீட்டில், சுவரோடு சேர்த்துச் செய்த இழுப்பறைகள் மட்டும் 860. நம் ஃப்ளாட்டில் கிச்சனில் நாலு இருந்தாலே ஒன்று 'கண்டதும் கடியதும்' போடுவதற்காக நேர்ந்துவிடப்படுகிறது. 860 இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். பயமாக இருந்தது.

நம் நாட்டில் நின்று வேலை செய்யும் பட்டறையைப் பெரிய அளவில் கொண்டுவந்ததில் ரயிலுக்குப் பெரும் பங்கு உண்டு. 1853-ல் பம்பாயிலிருந்து தானேவுக்கு முதல் பயணிகள் ரயில். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தெற்கின் முதல் ரயில். ரயில் வந்தால் அதைப் பழுது பார்க்க ஒர்க்‌ஷாப் வரும். ஒர்க்‌ஷாப் வந்தால் வரிசை வரிசையாக பெஞ்சும் வைஸும் வரும். தென்னிந்திய ரயில்வேயின் ஒர்க்‌ஷாப் முதலில் நாகப்பட்டினத்தில் இருந்தது. 1920-களில் அது பொன்மலைக்கு மாறியது. அதைச் சுற்றி எழுந்த ஆட்குறைப்புப் பிரச்சினையில் 1928-ல் பெரிய வேலைநிறுத்தம் நடந்து, சிங்காரவேலர் சிறைக்குப் போனார். பிழைப்புக்காக மேசையோடு சேர்ந்து மனிதர்களும் இடம்பெயர்வது நம் தலைமுறையில் ஆரம்பித்த கதை இல்லை.

அப்பா சொல்லுவார். அப்ரண்டிஸாகச் சேர்ந்தபோது ஃபிட்டருக்கு பெஞ்சில் ஒரு வைஸ், வைஸுக்குக் கீழே பூட்டு போட்ட ஒரு டிராயர். அந்தச் சாவி கைக்கு வந்த நாளில்தான் "நாமளும் ஒரு வேலைக்காரன்"னு தோணுச்சாம். முதல் சம்பளத்தைவிட அந்தச் சாவியைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறார். சின்ன வயதில் இதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இவ்வளவும் படித்த பிறகுதான் எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. அப்படிப்பட்டவர் தன் சொந்த மேசைக்கு ஏன் டிராயர் வைக்கவில்லை? கேட்டேவிட்டேன்.

"அப்ப குனிய முடிஞ்சுதுப்பா" என்றார்.

*

மரத்தின் மேல் மரம் ஓடியதெல்லாம் பழைய கதை. இப்போது ஓடுவது இரும்புக் குண்டு. வேல்ஸ் நாட்டு இரும்புத் தொழில்காரர் ஃபிலிப் வாகன், வண்டி அச்சுக்குள் இரும்புக் குண்டுகளை ஓடவிடும் யோசனைக்கு 1794-ல் காப்புரிமை வாங்கினார். எல்லாக் குண்டும் ஒரே அளவில் இருந்தால்தான் அது சரியாக ஓடும். அதற்கு 1883-ல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட்டில் ஃப்ரீட்ரிஷ் ஃபிஷர் குண்டுகளை உருட்டித் தேய்க்கும் மெஷினைச் செய்ய வேண்டியிருந்தது. சைக்கிள் உலகமெங்கும் ஓடியது அந்தக் குண்டுகளின் மேல்தான்.

இழுப்பறையைப் பக்கா இயந்திரமாக மாற்றியதில் பெரிய பங்கு ஆபீஸ் காகிதத்துக்கு. 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் காகிதங்களை நிற்க வைத்து அடுக்கும் ஃபைல் கேபினட்டைக் காட்டினார்கள். ஒரு டிராயர் நிறைய காகிதம் என்றால் என்ன கனம் என்று தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதுவும் கடைசி ஃபைல் வரை தெரியும்படி முழுக்க வெளியே வர வேண்டும். மெழுகுக்கு அங்கே வேலையில்லை. உருளையும் குண்டும் வைத்து, ஒன்றுக்குள் ஒன்று நழுவும் இரும்புச் சட்டங்கள் அந்தத் தேவைக்குத்தான் பொருத்தம்.

அடுத்து கிச்சன். 1926-ல் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரிய ஆர்க்கிடெக்ட், ஃப்ராங்க்ஃபர்ட் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர்தான். ஒரு பெண் எத்தனை அடி நடக்கிறாள், எத்தனை முறை கை நீட்டுகிறாள் என்றெல்லாம் கணக்குப் பார்த்துச் செய்தது. அரிசி, சர்க்கரை போன்றவற்றுக்கு அலுமினியத்தில் குட்டிக் குட்டி இழுப்பறைகள், பெயர் பொறித்து. பிடித்து உருவினால் அப்படியே பாத்திரத்தில் கொட்டிக்கொள்ளலாம். மாவு வைக்க மட்டும் ஓக் மரம், பூச்சி வராது என்று. சுமார் 10,000 வீடுகளில் அது வந்தது. நம் பாட்டிகளின் அஞ்சறைப்பெட்டிக்குச் சக்கரம் கட்டிவிட்ட மாதிரி எனக்குப் பட்டது. இன்றைய மாடுலர் கிச்சன்களுக்கெல்லாம் அதுதான் கொள்ளுப்பாட்டி. அந்த மாடுலர் கிச்சன் மோகத்தால்தான் இன்று எந்த ஊர் ஹார்டுவேர் கடையிலும் டெலஸ்கோபிக் சேனல் கிடைக்கிறது.

*

நானும் போய் ஒரு ஜோடி வாங்கினேன். 20 அங்குலம், 45 மில்லி அகலம். ஜோடி 45 கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. ஒரு பக்கத்துக்கு அரை அங்குலம் இடைவெளி விட வேண்டும். அலமாரியின் உள் அகலம் 28 அங்குலம். இரண்டு அரையைக் கழித்தால் 27. எஞ்சினியர் அல்லவா, கணக்கில் புலி! பிளைவுட் கடையிலேயே அளவுக்கு அறுத்து வாங்கி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பெட்டி அடித்து, சேனல் மாட்டி, பெருமையோடு இழுத்தேன்.

டங்! ஒரு அங்குலம் வந்து நின்றுவிட்டது.

கதவு இடித்தது. எங்கள் டெரஸில் மேசைக்கு இரண்டு பக்கமும் சுவர். கதவு நேராகத்தான் நிற்கும், முழுக்க மடங்காது. அப்படி நிற்கும்போது அதன் கனம், முக்கால் அங்குலம், இரண்டு பக்கமும் வாசலுக்குள் துருத்திக்கொண்டு நிற்கிறது. 27 அங்குலப் பெட்டி எப்படி வெளியே வரும்? அப்பா ஹாலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பேப்பரைக் கீழே வைத்தார். பல வாரங்களுக்குப் பிறகு அந்த மேசைப் பக்கம் அவர் தலை திரும்பியது அன்றைக்குத்தான்.

எதிர் ஃப்ளாட்டில் வார்ட்ரோப் வேலை செய்துகொண்டிருந்த மிஸ்திரியைக் கூப்பிட்டேன். ராஜஸ்தான்காரர், நாற்பது வயதிருக்கும். என் பெட்டியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, பெட்டியைக் காலால் மிதித்துப் பிரிக்க ஆரம்பித்தார்.

அப்பா எழுந்து வந்தார். மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னிடம் தமிழில், "அவர்ட்ட சொல்லு, உள்சுவர்ல முதல்ல பேக்கிங் கட்டை அடிக்கணும். கதவு கனத்துக்கு மேல ரெண்டு நூல் சேத்து, எட்டு நூல். அப்புறம் சேனலுக்கு நாலு நூல்" என்றார்.

நான் 'நூலை' ஹிந்தியில் எப்படிச் சொல்வது என்று விழித்தேன். தெரியாதவர்களுக்கு: நம் ஊர்ப் பட்டறைக் கணக்கில் ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். கட்டிட வேலையில் 'மூணு நூல் கம்பி' என்பார்களே, அதே நூல். நான் திணறுவதற்குள் அப்பா தானே நாலு விரலைக் காட்டி, தன் ரயில்வே ஹிந்தியில், "சார்... தாகா?" என்றார். தாகா என்றால் தையல் நூல்.

மிஸ்திரி ஒரு வினாடி யோசித்தார். பிறகு முகம் மலர்ந்து, "சார் சூத், பாபூஜி! சார் சூத்!"

சூத் என்றாலும் நூல்தான். அவர்கள் கணக்கிலும் அங்குலத்தில் எட்டில் ஒன்று!

நான் அசந்துபோய் நின்றேன். 1956-ல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது. எங்கள் தலைமுறை மில்லிமீட்டரில் படித்து மில்லிமீட்டரிலேயே சம்பாதிக்கிறது. ஆனால் திருச்சிப் பட்டறையும் ராஜஸ்தான் பட்டறையும், ஒன்றின் பாஷை மற்றொன்றுக்குத் தெரியாமலே, ஒரே அளவுக்கு ஒரே பொருளில் பெயர் வைத்திருக்கின்றன. அங்குலத்தை எட்டாகப் பிரிக்கும் பழக்கமும் நமக்குப் புதிதல்ல. மயமதம் போன்ற சிற்ப நூல்களிலேயே 8 யவம் ஒரு அங்குலம். (அந்த அங்குலம் வேறு, இந்த இஞ்ச் வேறு. ஆனால் எட்டு அதே எட்டு.) அட்டையில் '12.7 மில்லி' என்று அச்சிட்டிருந்த சேனல் இடைவெளியும் இந்த நாலு நூல்தானே!

அதற்குப் பிறகு மொழிபெயர்ப்பாளருக்கு வேலையில்லை. இரண்டு மணி நேரம். ஒருவர் தரையில் உட்கார்ந்து காலால் மரத்தைப் பிடித்தார், இன்னொருவர் நின்றபடி வைஸில் பிடித்தார். "தோ சூத்", "ரெண்டு நூல்", "பஸ்", "போதும்". அகலம் 28-ல் இரண்டு பக்கப் பேக்கிங்குக்கு 2 அங்குலமும் சேனலுக்கு 1 அங்குலமும் போக 25. அடிப்பலகைக்கு நான் வாங்கி வைத்திருந்த 6 மில்லியை அப்பா தூக்கிப் போட்டுவிட்டு 12 மில்லி போடச் சொன்னார். "அடிதான் தாங்கணும்." இழுப்பறையைத் தரையிலிருந்து 18 அங்குல உயரத்தில் மாட்டினார்கள். அதற்குக் கீழே எப்போதோ தேவைப்படும் சாமான் மட்டும்.

மாட்டி முடித்ததும் மிஸ்திரி சேனலின் ஓரத்தில் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் நாக்கைக் காட்டினார். ஒரு பக்கம் மேலே தூக்கி, மறுபக்கம் கீழே அழுத்தினால் இழுப்பறை தனியாகக் கழன்று வரும். அப்பா மூன்று முறை கழற்றி மாட்டிப் பார்த்தார். பிறகு நின்றபடியே, ஒரு விரலால் இழுத்தார். டிரில் மெஷின், அரங்கள், திருப்புளி வரிசை, மூலைமட்டம், எல்லாம் கடைசி வரை வெளியே வந்து நின்றன.

மிஸ்திரி கூலி வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது தன் டிரில் மெஷினின் சுவிட்ச் மக்கர் செய்வதாக அப்பாவிடம் நீட்டினார். அதற்கு அப்பா கூலி வாங்கவில்லை. தங்கமணி காபி கொடுத்தாள், இருவருக்கும்.

மேசை மேல் இப்போது துணி காய்வதில்லை. எகிப்து ராஜாவின் ஆட்டப்பெட்டிக் கதையை நான் சொல்லப்போக, பாப்பா பிடித்துக்கொண்டாள். தாத்தா ஒரு தாயக்கட்டம் செய்துகொண்டிருக்கிறார், பக்கத்தில் காய் போட ஒரு குட்டி இழுப்பறையோடு. சேனல் கிடையாது, மரத்தின் மேல் மரம்தான். மெழுகுவத்தி தேய்த்துத் தேய்த்து அவளே ஓட்டிப் பார்க்கிறாள்.

பொங்கலுக்குத் திருச்சி போகிறோம். நேற்று டிக்கெட் போட உட்கார்ந்தபோது அப்பாவுக்குப் போக மட்டும் போடுவதா என்று கேட்கத் தயங்கிக்கொண்டிருந்தேன். அவரே டெரஸிலிருந்து குரல் கொடுத்தார்.

"வரும்போது லோயர் பெர்த்தாப் பார்த்துப் போடுப்பா."